காவிரியின் கூன்முதுகு மகாசீர்: ஒரு தூண்டில் வரலாறு

திருத்தணியை ஒட்டிய நந்தியாற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத்தான் காணலாம். எனவே நம்மூரில் தூண்டில் பழகும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கம் போய்விடுகிறார்கள். அப்படிப் போய்வந்த நம் மாணவர் ஒருவர், இரண்டு கிலோ தேறும் விரால் ஒன்றின் படத்தைக் காட்டி, "ஐயா, காவிரியில் இதைவிடப் பெரிய மீன் தூண்டிலில் அகப்பட்டிருக்கிறதா?" என்று வினவினார். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினா அன்று. ஆயினும் விடை தேடப் புகுந்த நாம், சில வாரங்கள் அதிலிருந்து வெளிவர இயலாமற் போயிற்று.

விடை எளியது. 1946ஆம் ஆண்டு காவிரியின் கிளையாறான கபினியில் டி வெட் வான் இங்கன் என்பவர் பிடித்த மகாசீர் 120 பவுண்டு எடை இருந்தது. ஏறத்தாழ 54 கிலோ! அதற்கு முன் 1919இல் ரிவெட்-கார்னாக் என்னும் ஆங்கிலேய அதிகாரி பிடித்தது 119 பவுண்டு. ஒரு பவுண்டு முந்துவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. வான் இங்கன் குடும்பத்தாரைப் பற்றி ஒரு சொல். மைசூரில் புலி, சிறுத்தை உடல்களைப் பாடம் செய்து கொடுப்பதில் உலகப் புகழ் பெற்றிருந்தவர்கள் இவர்கள். மன்னர்களும் ஆளுநர்களும் சுட்ட விலங்குகள் எல்லாம் இவர்கள் பட்டறைக்கு வந்தே மாளிகைச் சுவர்களுக்குப் போயின. அத்தொழிற்கூடம் 1999இல் மூடப்பட்டது.

மகாசீர் என்பது கெண்டை இனத்துப் பெருமீன். உள்ளங்கை அகலச் செதில்களும் தடித்த உதடுகளும் உடையது. தாடையில் பல் கிடையாது, தொண்டையில் உண்டு. இரும்பு முள்ளையும் நசுக்கிவிடும் வலிமை அதன் வாய்க்கு இருந்தது. காவிரிப் படுகையில் வாழ்ந்த மகாசீருக்குத் தலைக்குப் பின்னால் திமில்போல் முதுகு உயர்ந்திருக்கும். கன்னடத்தில் இதனைப் பிளிமீனு, அதாவது வெள்ளை மீன், என்பர்.

இம்மீனின் புகழை ஏட்டில் ஏற்றியவர்களில் முதன்மையானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். தென்கன்னட மாவட்டத்தில் ஆட்சியராக விளங்கியவர். 1873இல் இவர் வெளியிட்ட 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூல், மகாசீரை எடைக்கு எடை சால்மனினும் வலிய மீன் என்று நிறுவ முயன்றது. 1887இல் ஏரிகளில் தூண்டிலிடுவது பற்றித் தனி நூலே எழுதினார். அதனைப் புரட்டியபோது, நம்மூர்ப் பக்கத்து ஏரிகளையும் இப்படி ஒருவர் கரையமர்ந்து நோக்கியிருப்பாரோ என்று தோன்றிற்று. பொழுதுபோக்காளர் என்று மட்டும் இவரைத் தள்ளிவிட இயலாது. ஆற்றில் நஞ்சு கலந்தும் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அரித்தெடுத்தும் மீன்வளம் அழிவதை அரசுக்கு ஓயாது எழுதினார். வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது.

விடுதலைக்குப் பின் இக்கதை ஓய்ந்துபோயிற்று. பெருமீன்கள் அற்றுவிட்டன என்றே வெளியுலகம் நம்பியது. 1970களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் காவிரியில் மீண்டும் பெரிய மகாசீர்களைப் பிடித்துக் காட்டவே, உலகத் தூண்டிற்காரர்களின் பார்வை இங்கே திரும்பியது. பெங்களூரில் 1972இல் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் சில பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் வைத்தது. பீமேசுவரி, தொட்டமக்கலி, கலிபோர் ஆகிய இடங்களில் முகாம்கள் எழுந்தன. பிடித்த மீனை எடை பார்த்து, படமெடுத்து, உயிருடன் விட்டுவிட வேண்டும் என்பது விதி.

எலுமிச்சை அளவு கேழ்வரகுக் களியுருண்டையை முள்ளில் பொதித்துப் பாறைமடுவில் எறிவார்கள். மீன் கவ்வியதும் நீரோட்டத்தின் போக்கில் நூற்றுக்கணக்கான அடி பாயும். நரம்பு பாறையில் சிக்கும். பரிசலில் ஏறி மீனின் பின்னாலேயே போகவேண்டும். அந்தப் பரிசலைத் தள்ளியவர்களும், களி கிண்டியவர்களும், எந்த மடுவில் மீன் கிடக்கும் என்று சொன்னவர்களும் கரையோரச் சிற்றூர்க்காரர்களே. முன்பு வெடிவைத்து மீன் பிடித்தவர்கள் பலரும் இங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆயினர். 1919இலும் 1946இலும் பரிசல் தள்ளியவர் எவர் என்று எடைப் பட்டியல்கள் சொல்வதில்லை. நமக்கு இது உறுத்துகிறது.

இனித்தான் கதையின் சிக்கல் வருகிறது. மகாசீர் குறைகிறதே என்ற கவலையால், மகாராட்டிரத்தில் லோனாவாலாவில் இருந்த டாட்டா நிறுவனத்தின் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. அவையும் மகாசீரே, ஆனால் வேறு இனம். கிருஷ்ணைப் படுகைக்கு உரிய நீலத்துடுப்பு மகாசீர். ஆற்றில் மீன் பெருகியது. தூண்டிற்காரர்களும் மகிழ்ந்தனர். கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்பேடுகளை ஆய்வாளர்கள் பின்னர் எண்ணிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கூன்முதுகு மகாசீரோ ஆண்டுக்காண்டு அருகி வந்திருக்கிறது. வந்தேறியை வளர்த்துவிட்டு மண்ணின் மைந்தனை இழந்துகொண்டிருந்தார்கள், நல்லெண்ணத்தோடு.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒத்த வரலாறு உண்டு. கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் வரிக்கொடுவா என்னும் மீன், 1940களில் தென் கரோலினாவில் அணைகள் எழுந்தபோது நீர்த்தேக்கத்திற்குள் அடைபட்டு, நன்னீரிலேயே பெருகிற்று. அதன்பின் அதனைப் பற்பல மாநிலங்களின் நீர்த்தேக்கங்களில் வளர்த்து விட்டார்கள். அங்கே அணை ஒரு வேட்டைமீனை உண்டாக்கியது. இங்கே 1934இல் எழுந்த மேட்டூர் அணையும் பின்னர் வந்தவையும் மகாசீரின் வழிகளை அறுத்தன.

இன்னொரு வியப்பு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடை போட்டும், படம் எடுத்தும், பாடம் செய்து மாட்டியும் வந்த இந்த மீனுக்குச் சரியான அறிவியற் பெயர் 2018வரை இல்லை! முசுல்லா என்னும் பெயரால் குறித்து வந்தார்கள். அது உண்மையில் வேறொரு மீனுக்கு உரியது. பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மணிமேகலன் உள்ளிட்ட ஆய்வாளர் குழு நம் நீலகிரியின் மாயாற்றில் கூன்முதுகு மகாசீரைக் கண்டு, அதன் மரபணுவை ஒப்பிட்டது. கேரளத்தின் பாம்பாற்றில் சிறு மீன்களை வைத்து முன்பே 'தோர் ரெமாதேவி' என்று பெயரிட்டிருந்தார்களே, அதுவே இது என்று தெளிந்தது. அப்பெயர் சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரெமாதேவியை நினைவுறுத்துவது. பெயர் கிடைத்த அதே 2018இல், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மிக அருகிய இனமாகவும் அது சேர்க்கப்பட்டது.

காட்டுயிர்ச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டிலுக்கு இடமில்லை என்பதால் முகாம்களில் மீன்பிடி நின்றது. ஒரு மீனை முள்ளில் மாட்டி மகிழ்வதை நாம் போற்றுபவர் அல்லோம். ஆயினும் தூண்டிற்காரர் போன பின் அந்த ஏட்டை எழுதவும் ஆளில்லை, வெடிச்சத்தத்தைக் கேட்கவும் ஆளில்லை என்னும் வாதத்தை எளிதில் ஒதுக்கவும் இயலவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மாணவர் சற்று நேரம் பேசவில்லை. "அந்த மாயாறு எங்கே போய்ச் சேருகிறது ஐயா?" என்றார். பவானிசாகர் என்றோம். அவ்வூருக்கு ஈரோட்டிலிருந்து பேருந்து உண்டா என்று கேட்டுவிட்டு, தூண்டிலை எடுத்துப் போகமாட்டேன் என்று அவராகவே சொன்னார்.