ரோடு எங்க? தோட்டத்து வாக்கும் பிரதேச சபையும்

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். வாக்களிக்கவென்று கெம்பஸிலிருந்து நாங்கள் மூன்று பேர் இரத்தினபுரி மாவட்டத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தோம். மூன்று பேருக்கும் வாக்கைப் பற்றிப் பெரிய பேச்சு. பணிய லயத்துப் பெரியம்மா அதை ஒரே நிமிசத்தில் அடக்கிவிட்டார்.

"நான் போடப் போறதில்ல புள்ளைங்களா. போன தடவ வந்தவரு லயத்து ரோட்டப் போட்டுத் தாறேன்னாரு. இந்தத் தடவ அவரே வேற கட்சியில வந்து அதே ரோட்டச் சொல்றாரு. நான் கொழுந்துக்குப் போனா ஒரு பேராவது விழும்."

வாக்கு நமது உரிமை, விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொன்னோம். "உரிமைதான். ரோடு எங்க?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து நூலகத்தில் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளருக்கு அது நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. ஐந்து வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று காட்ட வேண்டும். அந்த அரைகுறை உரிமையும் கிராமச் சபைக்குச் செல்லவில்லை. கிராமச் சபைச் சட்டத்தை 1937இல் திருத்தியபோது, தோட்டத்தில் இருந்த இந்தியத் தொழிலாளரை அந்தத் தேர்தலிலிருந்து ஒதுக்கப் பார்த்தார்கள். இது இனப்பாகுபாடு என்று எதிர்ப்பு வந்தது. அதன்பின் சட்டத்தின் வாசகம் மாறியது: தோட்டக் குடியிருப்பில் வாழும் தொழிலாளர் எவருக்கும் கிராமச் சபை வாக்கு இல்லை. இந்தியர் என்ற சொல் போனாலும் ஒதுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். உள்ளூர்த் தேர்தலிலிருந்து ஒருவரைத் தள்ளிவைக்க அவர் லயத்தில் குடியிருப்பதே போதும் என்றாகிவிட்டது.

அடுத்து வந்தது நாம் பள்ளியிலேயே படித்த கதை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கி, வாக்காளர் இடாப்பிலிருந்தும் வெளியே தள்ளின. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் சனத்தை இரண்டு நாடுகளுக்கும் கணக்குப் போட்டுப் பிரித்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் மீதமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வந்துசேர்ந்தது.

பெரியம்மா கேட்ட ரோட்டின் கதை 1987இல் தொடங்குகிறது. அந்த வருடத்தின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட அது தடையாக நின்றது. கிராமத்து ரோட்டைச் சபை போடலாம். அதே ரோடு தோட்ட எல்லையைத் தாண்டினால், அது தோட்டத்துக் காணி, நிர்வாகத்தைக் கேளுங்கள் என்று சொல்லிவிடலாம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதன் பிறகு கேட்கப் போன ஆட்களைச் சபை கம்பனியிடம் அனுப்பும், கம்பனி சபையிடம் அனுப்பும்.

இந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. 31 வருடம்! அத்தனை காலமும் வேட்பாளர்கள் தோட்டத்துக்கு வந்தார்கள், ரோடும் தண்ணீரும் தருவதாகச் சொல்லி வாக்குக் கேட்டார்கள். சபைப் பணம் சட்டப்படி உங்கள் லயத்துக்கு வராது என்று எத்தனை பேர் மேடையில் சொன்னார்கள்? நாங்கள் விசாரித்த பெரியவர்களில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதாகச் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா என்று எங்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எப்படியானாலும் ஏமாந்தது சனம்தான்.

சப்ரகமுவவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பிரதேச சபைகள் 2018 தேர்தலுக்கு முன்னர் ஆறாகின. அங்கே தோட்டத்து ஆட்கள் தங்கள் சபையைத் தாங்களே நடத்தலாம். இறக்குவானையிலோ யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ கதை வேறு. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. வட்டாரம் பிரிக்கும்போது தோட்டம் அதில் ஒரு மூலையாகிவிடும். வேட்பாளர் கடைசி வாரத்தில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாலும் அவருக்குக் கணக்குச் சரிவந்துவிடும்.

ஒன்றுசேர்ந்தால் மாறாதா? 2012 செப்டெம்பரில் சேர்ந்தார்கள். சப்ரகமுவ மாகாண சபைத் தேர்தலில் மலையகத் தமிழ்க் கட்சிகள் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் பட்டியலில் கூட்டாக நின்று, 44 ஆசனங்களில் இரண்டைப் பெற்றன. அந்த மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும் பணம் இல்லை என்று தள்ளிப்போனது. அப்படித் தள்ளியது அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இந்த மே மாதத் தேர்தல் வந்தது.

ஆகவே பெரியம்மாவின் வெறுப்பை விவரம் தெரியாத பேச்சு என்று நாங்கள் இனி சொல்ல மாட்டோம். அதற்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது. ஆனால் அவர் எடுத்த முடிவோடு இன்னும் ஒத்துப்போக முடியவில்லை. தோட்டத்துக்குள் பணம் செலவிட வழியில்லாத காலத்தில் வந்து வாக்குக் கேட்டவர்கள், வழி பிறந்திருக்கிற இந்த நேரத்தில் நாம் வராமல் இருந்தால் சந்தோசப்படத்தான் செய்வார்கள்.

அடுத்த லீவுக்குப் போனபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னோம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்: "அப்ப 2018க்குப் பொறகு ஏன் போடல?"

சரியான கேள்வி. அதைச் சபையிடமே கேட்கப் போகிறோம். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம். 2018 முதல் ஒவ்வொரு வருட வரவு செலவுத் திட்டத்திலும் தோட்டங்களுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் செலவானது எவ்வளவு என்று கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பெரியம்மாவும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் தோட்டத்திலும் ஒன்று எழுதுங்கள். அடுத்த தடவை "ரோடு தாறேன்" என்று ஒருவர் வந்தால், அந்தப் பதிலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.