அசையும் சிறுபடத்தின் கதை

கைப்பேசியில் நண்பர் அனுப்பிய சிறுபடம் ஒன்றைத் திறக்கிறோம். திரைப்பட நாயகன் தலையை ஆட்டுகிறான், மறுபடியும் ஆட்டுகிறான், நாம் மூடும் வரை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். ஒலி கிடையாது. காட்சியும் இரண்டு மூன்று விநாடிதான். ‘ஜிஃப்’ எனப்படும் இதன் வரலாறு கணினிக்கும் வெகு காலம் முந்தியது.

1832-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜோசப் பிளாட்டோ ஓர் அட்டை வட்டைச் செய்தார். ஒரே உருவத்தைச் சிறிது சிறிதாக நிலை மாற்றி அதில் சுற்றிலும் வரைந்து, இடையிடையே மெல்லிய பிளவுகளை வெட்டினார். வட்டைக் கண்ணாடி முன் சுழற்றிப் பிளவின் வழியே பார்த்தால் உருவம் ஆடிற்று. வியன்னாவில் ஸ்டாம்ஃபர் என்பவரும் அதே காலத்தில் தனியாக இதைக் கண்டறிந்தார். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எனவே ஆட்டமும் ஓயவில்லை. ஜிஃப்பின் உயிர் இந்த ஓயாமையில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளும் பயிற்சிப் புத்தக ஓரத்தில் கோட்டு மனிதனை வரைந்து, தாள்களை விரலால் சரசரவென்று விட்டு அவனை ஓட வைப்பார்கள், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போது!

ஜிஃப் முறையை 1987 ஜூனில் அமெரிக்காவின் கம்பியூசர்வ் நிறுவனம் வெளியிட்டது. ஸ்டீவ் வில்ஹைட் தலைமையிலான குழு அதை வகுத்தது. அன்று தொலைபேசிக் கம்பி வழியே படம் மெல்ல மெல்லத்தான் வந்து சேரும். ஆகவே படத்தைச் சுருக்கி அனுப்புவதே முதல் நோக்கம். ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று குறிக்கும் வசதி 1989-இல் வந்தது. 1996-இல் வெளியான நெட்ஸ்கேப் உலாவியின் 2.0 பதிப்பு அதை ஓயாமல் சுழலவிட்டது. ‘ஜிஃப்’ என்றே சொல்லவேண்டும் என வில்ஹைட் 2013-இல் அறிவித்தும், ‘கிஃப்’ என்போர் கேட்டபாடில்லை.

இடையில் ஒரு பெரும் சிக்கல் எழுந்தது. படத்தைச் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. ஜிஃப் மென்பொருள் செய்வோர் கட்டணம் செலுத்தவேண்டும் என்று 1994 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஏழாண்டுகளாகப் பொதுக் கிணறு என்று எண்ணித் தண்ணீர் இறைத்தவர்களுக்குக் கிணற்றுக்காரர் வந்து நின்றது போலாயிற்று. சினங்கொண்ட கணினி வல்லுநர்கள் கூடி 1995-இல் பிஎன்ஜி என்னும் முறையைப் படைத்தார்கள். அது பன்மடங்கு வண்ணங்களைத் தாங்கும். ஆனால் அசையாத படங்களுக்கென்றே அமைந்தது. ஜிஃப் பிழைத்தது அதனால்தான் எனலாம். அமெரிக்கக் காப்புரிமை 2003-இல் காலாவதியானது.

திரைப்படக் காட்சியை ஜிஃப் ஆக்கக் கற்கும் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமும் சேர்ந்தே கிடைக்கிறது. திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள். மூன்று விநாடிக்கு 72. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் 36. விநாடியின் நூறில் எட்டுப் பங்கு நேரம் ஒவ்வொன்றையும் நிறுத்தினால் ஏறத்தாழப் பழைய வேகமே வரும். ஆனால் ஒரு படத்துக்கு 256 வண்ணங்களே உண்டு; அதனால் முகத்தின் நிழல் திட்டுத்திட்டாகத் தெரியும். கேலிச்சித்திரப் படங்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

காட்சியைத் தேர்வதே கடினமான வேலை. ஊஞ்சல், கைதட்டல், தலையாட்டல் போன்றவை பொருந்தும். கடைசிப் படம் முதற்படத்தோடு இணைந்துவிடும். ஒருவர் கதவைத் திறந்து வெளியேறும் காட்சியை எடுத்தால், போனவர் அடுத்த நொடியே அறைக்குள் நிற்பார்.