சுவான்சௌவில் தமிழர் கோயில்

சோழத் தூதர் 1033-ல் சீனப் பேரரசரைக் காணச் சென்றபோது, தம் நாட்டு முறைப்படி மரியாதை செய்ய அனுமதி கேட்டார். வெள்ளித் தட்டை ஏந்திப் படியேறி, மண்டியிட்டு, அரியணையின் கீழே முத்துகளைத் தூவிவிட்டுத் திரும்பினார். சோங் வம்ச வரலாற்று நூலில் அதைக் குறித்து வைத்தார்கள். 1077-ல் வந்த தூதர்கள் முத்தோடு கற்பூரத்தையும் தூவினார்கள்.

தூதர்கள் திரும்பிவிட, தமிழ் வணிகர்களோ சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் தங்கியே விட்டார்கள். 1281-ல், குப்லாய் கான் சீனாவை ஆண்ட காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே கோயிலில் சிவனைப் பிரதிஷ்டை செய்ததைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அதன் அடியில் சீன எழுத்துகளும் உண்டு.

அந்தக் கோயில் இன்று இல்லை. கற்கள் மட்டும் ஊரெங்கும் சிதறின. லிங்கத்தை யானை வழிபடும் சிற்பம், பால் சொரியும் பசு, கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறம் நரசிம்மர் உருவம் செதுக்கிய தூண்கள்.

இன்னும் சுவையானது சுவான்சௌ பகுதியிலுள்ள செடியன் கிராமம். நான்கு கைகளோடு, காலடியில் அசுரனை மிதித்தபடி அமர்ந்திருக்கும் நம்மூர்ச் சாயல் தேவியை அவ்வூரார் பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யின் என்றே வணங்குகிறார்கள். ஊதுபத்தி ஏற்றுகிறார்கள், பழம் படைக்கிறார்கள். கடல் கடந்த நம் வணிகர் வரலாற்றில் இதற்கும் ஓர் அத்தியாயம் வேண்டும். நம் பாடநூல்கள் அதை எழுத வேண்டும்.