மீனாட்சிக்கு ஒரு அயர்லாந்து மெட்டு

வட ஐரோப்பிய நாட்டுப்புற மெட்டுகள் தமிழகத்தை வந்தடைந்த வழிகளுள், மதுரைச் சீமையின் இசையோடு நெருங்கிய தொடர்புடையது சென்னையை அடுத்த மணலி வழி. மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இராமசாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்த ஆண்டுகளில், அவருடைய புதல்வர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டனர். அங்கே அவர்கள் காதில் விழுந்தவற்றுள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டு ஆட்டமெட்டுகளும் படைநடைப் பாட்டுகளும் இருந்தன.

கேட்ட சகோதரர்கள் இரு விதமாக எதிர்வினை ஆற்றினர். இளையவரான பாலுசாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் பயின்றார். முகவாயின் கீழ் வைத்து வாசிக்கப்பட்ட அக்கருவி, நாளடைவில் தரையில் அமர்ந்தவரின் மார்புக்கும் வலது கணுக்காலுக்கும் இடையே சாய்ந்து, நான்கு தந்திகளும் ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டப்பெற்று, கர்நாடகக் கச்சேரியின் பக்கவாத்தியமாயிற்று. மூத்தவரான முத்துசாமி தீட்சிதர் (1775–1835) அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதச் சாகித்தியம் புனைந்தார். நோட்டுசுர சாகித்தியம் எனப்படும் இச்சிற்றுருப்படிகள், மேனாட்டு மேஜர் சுரவரிசைக்கு ஒத்த சங்கராபரணத்தில், சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் ஏதுமின்றி நேராகச் செல்பவை.

சகோதரர்கள் மதுரையில் தங்கியதையும், முத்துசாமி தீட்சிதர் மீனாட்சியைப் பாடியதையும், பின்னர் இருவரும் எட்டயபுரத்தைச் சார்ந்ததையும் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. நோட்டுசுரங்களுள் இரண்டு மதுரை மீனாட்சியின் பெயரைத் தாங்கியவை: ‘வந்தே மீனாட்சி’ அயர்லாந்து ஆட்டமெட்டில் அமைந்தது, ‘சியாமளே மீனாட்சி’யோ இன்று ஆங்கிலக் குழந்தைப் பாட்டாக உலகறிந்த பிரெஞ்சு மெட்டில் அமைந்தது. அந்நிய மெட்டைத் தயக்கமின்றி அம்பாளின் சந்நிதியில் வைத்த இந்தத் துணிவு போற்றத்தக்கது. எனினும், எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1905-இல் இவற்றைத் தொடக்கப் பாடநூலில் சேர்த்ததிலிருந்து தெரிவது போல, இவை நெடுங்காலம் பிள்ளைகளின் பயிற்சிப் பாடமாகவே கருதப்பட்டன.

பெரியோர் அவையில் மேனாட்டுச் சாயலுக்கு இடம் பிடித்துத் தந்தது பிற்காலத்து இங்கிலீஷ் நோட்டு. சாகித்தியம் இன்றிச் சுரங்களாலேயே பாடப்படும் இவ்வுருப்படி, மதுரையில் இசைப்பள்ளி நடத்திய ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) அமைத்ததாகச் சொல்லப்படுகிறது. அப்பள்ளியில் பயின்ற மதுரை மணி அய்யர் (1912–1968), கச்சேரியின் பிற்பகுதியில் வரும் சிற்றுருப்படிகளான துக்கடாக்களின் வரிசையில் இதைப் பாடினார். இராகம், கற்பனைசுரம் ஆகியவற்றில் நெடுநேரம் ஆழ்ந்திருந்த ரசிகர்கள், மேதைமையைச் சிறிதும் விட்டுக்கொடுக்காத அவரிடமே இந்த எளிய துள்ளலையும் உரிமையோடு கேட்டு வாங்கினர். சபாவின் கட்டணம் கட்ட இயலாமல் தெருவில் நின்றவர்களும் தாளம் போட்டுக் கேட்ட பாட்டு இது.

நாகசுரக்காரர்களும் இதை விடவில்லை. 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்திற்காக நாகசுரம் வாசித்தவர்கள் மதுரைச் சகோதரர்களான சேதுராமனும் பொன்னுசாமியும் ஆவர். வெள்ளைக்கார விருந்தினர்கள் முன் நோட்டு வாசிக்கப்படும் அப்படக் காட்சி தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் சென்று சேர்ந்தது.

இன்று திருமண ஊர்வலங்களில் நோட்டு ஒலிக்கிறது. தீட்சிதரின் நோட்டுசுரங்களோ கச்சேரி மேடையில் அரிதாகவே கேட்கின்றன. மீனாட்சியைப் பாடும் அவ்விரண்டையேனும் மதுரைச் சபாக்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலிருந்து மேடைக்குக் கொண்டுவர வேண்டும்.