காவல் நிலையக் கணினிமயம்: திட்டமிடலும் மதிப்பீடும்

காவல் நிலையக் கணினிமயம் என்பது புகார், முதல் தகவல் அறிக்கை, கைது விவரம், கண்காணிப்பு கேமராக் காட்சி ஆகியவற்றைக் கணினியில் சேமித்து, வேண்டும்போது எடுத்துப் பார்க்க வகைசெய்யும் ஏற்பாடு. 2009-இல் மத்திய அரசு 2,000 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த சி.சி.டி.என்.எஸ். (குற்றம், குற்றவாளிகள் கண்காணிப்பு வலையமைப்பு) திட்டம் நாடெங்கும் உள்ள நிலையங்களை ஒரே வலையில் இணைக்கத் தொடங்கியது. தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையின் ஸ்ரீவைகுண்டமும் அந்த வலைக்குள் அடங்கும். இத்தகைய திட்டங்களை, எத்தனை நிலையங்களுக்குக் கருவி போய்ச் சேர்ந்தது என்ற கணக்கை வைத்தே எடைபோடுகிறார்கள். அந்தக் கணக்கு போதாது. தேவைப்பட்ட நாளில் பதிவு கைக்குக் கிடைத்ததா என்பதே உரைகல்.

ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே, அதே மாவட்டத்தில் உள்ள சாத்தான்குளம் இதற்குக் கசப்பான சான்று. 2020 ஜூன் 19 அன்று காவலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் சில நாள்களில் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவின்பேரில் விசாரித்த கோவில்பட்டி நீதித்துறை நடுவர், நிலையத்தில் கேமராக்கள் இருந்ததையும், ஹார்டு டிஸ்கில் ஒரு டெராபைட் அளவுக்கு இடம் இருந்ததையும், ஆனாலும் காட்சிகள் அன்றன்றே தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததையும் அறிக்கையில் எழுதினார். அவர்கள் நிலையத்தில் இருந்த அந்த இரவின் காட்சி கிடைக்கவில்லை. நடந்ததை எடுத்துச் சொன்னது பெண் தலைமைக் காவலர் ஒருவரின் வாக்குமூலம். கருவிகளை மட்டும் எண்ணும் தணிக்கையில் அந்த நிலையம் முழு மதிப்பெண்ணோடு தேறியிருக்கும்.

தவறு மனிதருடையது, இயந்திரத்தை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் கண்காணிக்கப்படுபவர் கையிலேயே அழிக்கும் அதிகாரத்தை விட்டுவைத்தது திட்டத்தின் குறை. 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் காட்சிகளை 18 மாதம், கருவி இடம்தராவிட்டால் குறைந்தது ஓராண்டாவது, வைத்திருக்கச் சொன்னது; மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுவும் அமைக்கச் சொன்னது. அதே உத்தரவு கேமராவைப் பராமரிக்கும் பொறுப்பை நிலைய அதிகாரியிடமே விட்டது. இது இன்னும் அடைபடாத ஓட்டை. கணினிமயத்தால், நிலையப் பதிவுகளை எழுதும் ஸ்டேஷன் ரைட்டருக்கு வேலைப்பளு கூடும் என்ற மறுப்பு முதல் மறுப்பைவிட நியாயமானது. கையால் எழுதியதையே அவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், பதிவு தாமதமாகும், பிழையும் மலியும். ஆகவே அந்த இரட்டை வேலை ஒழிந்ததா என்பதும் மதிப்பீட்டில் சேர வேண்டும். செட்டிங்கை யார், எப்போது மாற்றினார் என்பது தானாகப் பதிவாக வேண்டும்; நகல் ஒன்று நிலையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு வருபவர் முன்னறிவிப்பின்றி வந்து, பத்து மாதத்துக்கு முந்தைய ஏதேனும் ஓர் இரவைச் சொல்லி, லாக்கப் அறைக் காட்சியைக் கேட்க வேண்டும்.