ஐந்தில் ஒன்று: மிசிசிப்பியில் ஓர் உரிமை காணாமல் போன கதை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வேலைக்குச் சுமார் 86,000 கையெழுத்து வேண்டும். எந்தத் தொகுதியிலிருந்தும் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மொத்தம் இருப்பதே நான்கு தொகுதிகள்தான். முட்டி மோதினாலும் 69,000-ஐத் தாண்டாது, இல்லையா? இந்த ஆறாம் வகுப்புக் கணக்கை வைத்துத்தான் 2021-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மக்கள் கையிலிருந்த ஓர் உரிமை பறிபோனது.

அது என்ன உரிமை? குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையெழுத்து வாங்கிவிட்டால், ஒரு சட்டத்தைக் குடிமக்களே முன்மொழிந்து வாக்குச் சீட்டில் ஏற்றலாம். சட்டமன்றம் விரும்பாவிட்டாலும் ஓட்டெடுப்பு நடந்தே ஆகவேண்டும். மனு என்றதும் கையைக் கட்டிக்கொண்டு நின்று கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு ரகம்! அமெரிக்க மாநிலங்களில் முதலில் 1898-ல் தெற்கு டகோட்டா இதைக் கொண்டுவந்தது. 1902-ல் ஓரிகன், 1911-ல் கலிபோர்னியா என்று பரவியது. ரயில் கம்பெனிகளின் பாக்கெட்டில் சட்டமன்றங்கள் இருக்கின்றன என்ற கோபம்தான் அன்றைக்குப் பெரிய காரணம்.

மிசிசிப்பிக்கு இது 1914-ல் வந்தது. (ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அப்போது அங்கே 'மக்கள்' என்றால் பெரும்பாலும் வெள்ளை ஆண்கள்தான். கறுப்பின மக்களின் ஓட்டை 1890 அரசியல் சட்டத்தின் மூலம் ஏற்கனவே முடக்கியிருந்தார்கள். பெண்களுக்கு ஓட்டே கிடையாது.) 1917-ல் ஒரு வழக்கு வந்தது, இந்தத் திருத்தம் செல்லும் என்றது மாநில உச்ச நீதிமன்றம். ஐந்தே வருடம் கழித்து 1922-ல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. காரணம்? பல திருத்தங்களை ஒன்றாக மூட்டை கட்டி ஓட்டுக்கு விட்டுவிட்டார்களாம், தனித்தனியாக விட்டிருக்க வேண்டுமாம். அதோடு எழுபது ஆண்டு காலம் அந்த உரிமை இல்லை. 1992-ல்தான் மக்கள் ஓட்டுப் போட்டு அதை மீட்டார்கள்.

மீட்டபோது நிபந்தனைகளும் சேர்ந்து வந்தன. கடைசி ஆளுநர் தேர்தலில் விழுந்த ஓட்டுகளில் 12 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து வேண்டும். ஒரே பகுதி எல்லாவற்றையும் தீர்மானித்துவிடக் கூடாது என்று, எந்த நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்றும் எழுதினார்கள். அப்போது மாநிலத்தில் ஐந்து தொகுதிகள். கணக்கு கச்சிதம்!

2000-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. மற்ற மாநிலங்கள் வேகமாக வளர்ந்ததால் மிசிசிப்பிக்கு ஓர் இடம் குறைந்து நான்காகிவிட்டது. விதியில் இருந்த 'ஐந்தில் ஒன்று' மட்டும் அப்படியே நின்றது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பழைய ஐந்து தொகுதிகளையே வைத்துக் கையெழுத்தை எண்ணலாம் என்று 2009-ல் மாநில அட்டர்னி ஜெனரல் கருத்துச் சொன்னார். 2011-ல் அப்படி எண்ணித்தான் வாக்காளர் அடையாள அட்டை பற்றிய திருத்தமும், அரசு நிலம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் திருத்தமும் ஓட்டுக்கு வந்து ஜெயித்தன.

அடுத்து வந்ததுதான் 65-ஆம் எண் முன்மொழிவு. நோயாளிகள் மருத்துவத்துக்காகக் கஞ்சா பயன்படுத்த அனுமதி கேட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் செல்லும் என்று ஏற்கப்பட்டன. சட்டமன்றம் சும்மா இருக்கவில்லை, 65ஏ என்று ஒரு போட்டி முன்மொழிவை அதே சீட்டில் ஏற்றிக் குழப்பியது. அப்படியும் 2020 நவம்பரில், இரண்டில் எது என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்குப் பேர் 65-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பே மாடிசன் நகர மேயர் வழக்குப் போட்டிருந்தார். 2021 மே 14 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஐந்துக்குக் குறைவான தொகுதிகள் இருந்தால் இந்த விதி வேலையே செய்யாது, ஆகவே 65 செல்லாது. மறுத்த நீதிபதிகளின் வாதம் எனக்குச் சரியாகப்படுகிறது. நான்கு தொகுதிகளை வரைந்தது மத்திய நீதிமன்றம்தான், மாநிலச் சட்டப் புத்தகத்தில் பழைய ஐந்து தொகுதிகள் நீக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன, அவற்றை வைத்து எண்ணினால் என்ன என்றார்கள்.

நீதிபதிகளை மட்டும் திட்டி என்ன பயன்? ஒரே ஒரு வரியைத் திருத்தச் சட்டமன்றத்துக்கு இருபது வருடம் இருந்தது. திருத்தும் தீர்மானங்கள் வந்து வந்து செத்தன. சரி, மக்களே கையெழுத்து வாங்கித் திருத்தலாமே என்றால் அதுவும் முடியாது. இந்த நடைமுறையை மாற்ற இதே நடைமுறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த 1992 விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பூட்டுச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி :-)

இதே 2021-ல் ஐடஹோ மாநிலத்தில் நடந்ததையும் பாருங்கள். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க 2018-ல் மக்கள் கையெழுத்து வாங்கி ஜெயித்திருந்தார்கள். எரிச்சலான சட்டமன்றம், 18 தொகுதிகளில் 6 சதவீதம் என்றிருந்த கையெழுத்து விதியை 35 தொகுதிகளிலும் 6 சதவீதம் என்று மாற்றியது. ஒரே ஒரு தொகுதி மறுத்தாலும் மனு காலி! ஆனால் அந்த மாநில உச்ச நீதிமன்றம், சட்டத்தை முன்மொழிவது மக்களின் அடிப்படை உரிமை என்று சொல்லி ஆகஸ்டில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஓஹியோவில் 88 மாவட்டங்களிலும் கையெழுத்து, 60 சதவீத ஓட்டு என்று இறுக்கப் பார்த்தபோது, 2023 ஆகஸ்டில் மக்களே ஓட்டுப் போட்டு முடியாது என்றுவிட்டார்கள்.

மிசிசிப்பியில் எதிர்ப்புக்குப் பயந்தோ என்னவோ, 2022 பிப்ரவரியில் மருத்துவக் கஞ்சாவைச் சட்டமன்றமே அனுமதித்துவிட்டது. நோயாளிகளுக்கு மருந்து கிடைத்தது. உரிமை திரும்பவில்லை. 2022, 2023, 2024 என்று மூன்று வருடமும் அதை மீட்கும் முயற்சிகள் இரண்டு அவைகளும் ஒத்துப்போகாமல் தோற்றன. எத்தனை கையெழுத்து என்பதில் ஒரு சண்டை, கருக்கலைப்பு பற்றி முன்மொழியவே கூடாது என்ற நிபந்தனையில் இன்னொரு சண்டை. அந்த மே மாதத் தீர்ப்பு வந்தபோது மிசிசிப்பியிலும் மெடிக்கெய்ட் விரிவாக்கத்துக்கு ஒரு முன்மொழிவு தயாராகியிருந்தது. ஐடஹோ மக்கள் ஜெயித்த அதே விஷயம். கையெழுத்து வாங்கும் வேலையை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள்.