ஒற்றைப் புள்ளி

அந்தக் கிட் பார்ப்பதற்குச் சீப்பு மாதிரி இருக்கும். ஒரு பல் ஒருவருடைய ரத்தத்துக்கு. சீரத்தில் பல்லை முக்கி, மருந்துக் குழிகளில் வரிசையாக மாற்றி மாற்றி வைத்து எடுத்தால், பல்லின் மேல்பக்கம் ஒரு புள்ளி சிவந்து தெரியவேண்டும். அது கன்ட்ரோல் புள்ளி. கிட் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்குக் கீழே இன்னொரு புள்ளி விழுந்தால்தான் எச்.ஐ.வி. ரியாக்டிவ்.

தன் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று ஒருவர் கெஞ்சினார். லேப் டெக்னீஷியன் பல்லைத் தூக்கிக் காட்டினார். அவர் அதையே வெறித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு விழுந்திருக்கே மேடம்" என்றார். விளக்கினேன். தலையாட்டினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "அந்த ஒண்ணு மட்டும் எதுக்கு விழுது?"

2003 முதல் 2019 வரை தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் எய்ட்ஸ் கவுன்சலராக இருந்தேன். எங்கள் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள், நோய் வந்தவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். அது நியாயம். ஆனால் எங்கள் பெஞ்சில் இன்னொரு வரிசையும் உட்கார்ந்திருந்தது. நோய் இல்லை என்று நாங்கள் எத்தனை முறை எழுதிக் கொடுத்தாலும் நம்ப முடியாதவர்களின் வரிசை. அவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நோயின் வரலாற்றோடு ஒட்டியே பிறந்தது.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். அவரிடம் பட்டமேற்படிப்பு படித்த செல்லப்பன் நிர்மலா, மயிலாப்பூரில் இருந்த பெண்கள் காப்பில்லத்துக்குப் போய் ரத்தம் சேகரித்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். கையுறை கிடையாது. பிரித்த சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால், ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் எலைசா என்ற ரத்தச் சோதனை செய்தார்கள். எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டும் மஞ்சளாக ஆறு மாதிரிகள் மாறின. முதலில் யாரும் நம்பவில்லை. மறுபடி செய்தார்கள். பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் முறையிலும் உறுதிசெய்தார்கள். எச்.ஐ.வி. இங்கே வந்துவிட்டதை மே மாதம் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அந்த ஆறு பெண்களை நான் அடிக்கடி நினைப்பேன். சோதனை வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் இல்லை அவர்கள். அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள். இந்த நாட்டில் இந்தச் சோதனை, கேட்காதவர்களிடம் ரத்தம் எடுத்துத்தான் தொடங்கியது. கேட்டுக் கேட்டு வருகிறவர்கள் அடுத்து வந்தார்கள். அதிக நாள் ஆகவில்லை. 1987-இலேயே பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் 'எய்ட்ஸ் ஃபோபியா' என்ற தலைப்பில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர்கள் வேலூர் மருத்துவர்கள். மனநலத் துறையினரோடு ஜேக்கப் ஜானின் பெயரும் அதில் இருக்கிறது. வைரஸ் பிடிபட்ட மறு வருஷமே, வைரஸ் இல்லாதவர்களின் பயத்துக்கும் அதே ஊரில் பெயர் வைக்க வேண்டி வந்துவிட்டது.

இந்தப் பயம் எய்ட்ஸோடு புதிதாக முளைத்ததும் இல்லை. நம் ஊரில் மேகம் என்றும் வெட்டை என்றும் சொன்ன நோய்களைச் சுற்றி நெடுங்காலமாக இருந்தது. சிஃபிலிஸ் கிருமியை 1905-இல் கண்டார்கள். அடுத்த வருஷமே பெர்லினில் வாசர்மன் ரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தார். அந்தச் சோதனை, நோய் இல்லாத சிலருக்கும் இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் அதன்மேல் சந்தேகப்பட இடம் இருந்தது. 'சிஃபிலோஃபோபியா' என்ற சொல் பழைய மருத்துவப் புத்தகங்களில் உண்டு. தனக்குச் சிஃபிலிஸ் வந்துவிட்டது என்று நம்பி, ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் அலைகிறவர்களுக்கான பெயர் அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த லேப் அண்ணன் ஒருவர் சொன்னார்: "அப்ப சிஃபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். எடுத்துட்டு எடுத்துட்டுப் போவாங்கம்மா. இப்ப எலைசா. ஆளு அதே ஆளுதான்."

ஆனால் எய்ட்ஸுக்கு நாங்கள் கொடுத்த விளம்பரம் வேறு எந்த நோய்க்கும் கிடைத்ததில்லை. ஆட்கொல்லி நோய் என்று சுவர் சுவராக எழுதினோம். மண்டையோடு வரைந்தோம். எலும்பும் தோலுமான ஒரு படத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். 2000-களின் தொடக்கத்தில் 'புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெங்கும் பலகை வைத்தார்கள். யார் இந்தப் புலிராஜா என்று டீக்கடையில் பேசாத ஆள் இல்லை. பேசவைத்த வகையில் அது பெரிய வெற்றி. வாய் திறக்கக் கூசிய விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ அந்தக் கேள்வி பலகையை விட்டு இறங்கி மண்டைக்குள் குடியேறியிருந்தது. வருமா? வருமா?

1994-இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. 1997-இலிருந்து நாட்டில் ஆலோசனையோடு கூடிய பரிசோதனை மையங்கள் வரத் தொடங்கின. கர்ப்பிணிகளுக்குத் தனி மையம், மற்றவர்களுக்குத் தனி மையம் என்று இருந்ததை 2006-இல் ஒன்றாக்கினார்கள். தமிழ்நாட்டில் அதற்கு வைத்த பெயர் நம்பிக்கை மையம். நோய் வந்தவர்களுக்கு நம்பிக்கை தரும் இடம் என்று நினைத்து வைத்த பெயர். அது சரியான பெயர்தான். 2004 ஏப்ரல் 1 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று. சாகப்போகிறோம் என்று வந்தவர்கள் மாத்திரை டப்பாவோடு வயலுக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து வந்துவிட்ட சேதியால் மற்ற வரிசைக்காரர்களின் பயம் இம்மியும் குறையவில்லை. சாவைவிட மானம் போவதற்குத்தான் அவர்கள் அஞ்சினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தொழிலையும் மாற்றியே சொல்கிறேன். பரோட்டா மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயசுக்குள். மூன்று வருஷத்தில் எங்களிடம் மட்டும் பதினோரு முறை. அதற்கு நடுவே தனியார் லேப்களில் எத்தனை என்று அவருக்கே கணக்கு இல்லை. ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு மெடிக்கல் ஷாப் கவரில் போட்டு, சட்டைக்குள் பனியனோடு செருகி வைத்திருப்பார். வியர்வையில் ஊறி மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: நான்-ரியாக்டிவ்.

ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம் இருந்தது. எடை குறைகிறது. நாக்கில் வெள்ளை. ராத்திரி வியர்க்கிறது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. அந்த நெறியை அவர் நாளுக்கு நூறு தடவை அமுக்கிப் பார்த்தே புண்ணாக்கி வைத்திருந்தார். கைவிரலில் கத்தி பட்ட அன்றிலிருந்து மாவு பிசைய மாட்டேன் என்று நின்றுவிட்டார். "சாப்பிடுறவங்க என்னக்கா பாவம் பண்ணாங்க?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. முதல் ஐந்தாறு முறை மேடம் என்றவர் அதற்குள் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். நானும் தம்பி என்றேன்.

சந்தேகத்துக்கு எங்கள் விதிமுறைகளே தீனி போட்டன. முதல் கிட்டில் ஒன்றும் இல்லையென்றால் அத்தோடு முடிவு எழுதிவிடுவோம். ரியாக்டிவ் வந்தால் மட்டும் வேறு இரண்டு விதக் கிட்டுகளிலும் பார்ப்போம். இதை எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து, "மத்தவங்களுக்கு மூணுல பாக்குறீங்க, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுல நிறுத்துறீங்க?" என்றார். இன்னொன்று விண்டோ பீரியட். கிருமி உடம்புக்குள் போனதும் ரத்தத்தில் அடையாளம் தெரிய சில வாரம் பிடிக்கும் என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்று சொல்வோம். அதற்கு முந்தைய காலத்தில் ஆறு மாதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைய கிட்டுகளுக்குத் தொண்ணூறு நாள் தாராளம். ஆனால் பழைய ஆறு மாதக் கணக்கு ஊருக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'மறுபடி வாங்க' என்று சொல்லித்தான் ஆகவேண்டும். ஆபத்தான தொடர்பு சமீபத்தில் நடந்திருந்தால் அது அவசியமும்கூட. தவறு எங்கே என்றால், அந்த மூன்று மாதமும் கடந்து தெளிவாக முடிவு சொன்ன பிறகும், "மனசு நிம்மதிக்கு வேணும்னா இன்னொரு தடவை பாத்துக்கோங்க தம்பி" என்று நான் சொன்னேன். அன்போடுதான் சொன்னேன். அந்த அன்பு அவருக்குக் கெடுதல் செய்தது.

முதல் ரிப்போர்ட் அவருக்கு மூன்று மாதம் நிம்மதி கொடுத்தது. அடுத்தது ஒரு மாதம். பிறகு ஒரு வாரம். ஒன்பதாவது ரிப்போர்ட், பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரை தாங்கவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்து, சிரிஞ்சில் ரத்தம் மாறியிருக்குமோ என்று கேட்டார்.

பால் சல்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதையே ஒரு கட்டுரையில் விளக்கியிருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆறுதல் வார்த்தையும் மறுபரிசோதனையும் அந்த நேரத்துக்குப் பயத்தைத் தணிக்கும். ஆனால் அந்தத் தணிப்புக்குப் பழகிய மனசு சீக்கிரமே அடுத்த ஆறுதலைக் கேட்கும். கட்டுரை வெளிவந்த வருஷம் 1986. வேலூரில் ஆறு மாதிரிகள் மஞ்சளான அதே வருஷம். எங்கள் பயிற்சி வகுப்புகளில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதற்கு நாள்கணக்கில் நேரம் ஒதுக்கினார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். அது உயிர் காத்த பயிற்சி. நெகட்டிவ் என்று ஒருவரை எப்படி ஏற்க வைப்பது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஏழாவது தடவையா, எட்டாவது தடவையா, சரியாக நினைவில்லை. மதிய நேரம், கூட்டம் இல்லை. ரத்தம் எடுக்கும் முன் அவர் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன், கூட்டாளிகளோடு போன ஊரில், ஒரு லாட்ஜில், ஒரே ஒரு தடவை. ஆணுறை போட்டிருந்தார். "கிழியல. எனக்கு நல்லாத் தெரியும். ஆனா கிழிஞ்சிருந்தா?" அம்மா பெண் பார்த்துக்கொண்டே இருந்தார், இவர் ஒவ்வொரு வரனையும் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். ஜாதகத்தில் கோளாறு என்று அம்மா கோயில் கோயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அவர் எங்களிடம் கேட்டு வந்தது நோய் இருக்கிறதா இல்லையா என்ற பதிலை இல்லை. மன்னிப்பை. அதைக் கொடுக்கும் கிட் எங்கள் அலமாரியில் இல்லை.

மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வாரம் ஒருநாள் எங்கள் மருத்துவமனைக்கு வருவார். அவரிடம் போகச் சொன்னபோது, "எனக்குப் பைத்தியமாக்கா?" என்று அழுதார். எத்தனை பேர் இந்தக் கேள்வியில் பின்வாங்கிப் போயிருக்கிறார்கள்! அவர் போனார். நான் கூடப் போனேன். டாக்டர் மாத்திரையும் எழுதினார், எங்களுக்கும் ஒரு வேலை கொடுத்தார். ஒரு பழைய டைரியில் ஒப்பந்தம் மாதிரி எழுதி வைத்தோம். வரலாம், பேசலாம், ஆனால் ரத்தம் எடுக்கக் கேட்கக் கூடாது. கழுத்தை அமுக்கத் தோன்றினால் நேரத்தைக் குறித்து, பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும். அடுத்த வாரம் பதினைந்து. ரிப்போர்ட் கவர் என்னிடம் இருக்கும். நோய் வந்துவிட்டதா என்று கேட்டால் நான் 'இல்லை' என்றுகூடச் சொல்லக் கூடாது. அதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. எதிரே ஒருவர் கைநடுங்க உட்கார்ந்திருக்கும்போது, உண்மையான பதில் நாக்கு நுனியில் இருக்க, "இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாச்சு தம்பி, வேற பேசுவோம்" என்று திருப்பி அனுப்புவது. கொடுமைக்காரி என்று எனக்கே தோன்றிய நாட்கள் உண்டு. நடுவில் இரண்டு முறை வெளியே போய்ச் சோதித்துக்கொண்டு வந்து தலைகுனிந்து நின்றார். திட்டவில்லை. டைரியில் தேதியைக் குறித்துக்கொண்டு தொடர்ந்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மாவு பிசையத் தொடங்கிவிட்டேன் என்று ஒருநாள் போன் செய்தார்.

எல்லாருக்கும் இப்படி ஆகவில்லை. கவரைக் கொடுக்க மறுத்து, வராமலே போனவர்கள்தான் அதிகம். அவர்கள் இப்போது எந்த லேப் வாசலில் நிற்கிறார்களோ.

கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எங்கள் மையத்தில் பரிசோதனை உண்டு. 2010-களின் நடுவில் ஒரு காலைப் பொழுது, மனைவியை அழைத்துக்கொண்டு அவர் வந்தார். ஆறு மாசம் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. என்னைத் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை. டெக்னீஷியன் ரத்தம் எடுத்தார். கணவனுக்கும் பரிசோதனை வேண்டுமா என்று கேட்பது எங்கள் வேலை. படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் கேட்பது மாதிரியே கேட்டேன்: "நீங்களும் பாத்துக்கிறீங்களா?"

மேஜைமேல் டிரேயில் சீப்பு இருந்தது. அதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். கை ஒருமுறை கழுத்துப் பக்கம் போய்ப் பாதியில் இறங்கியது.

"வேணாம் மேடம்" என்றார். "இது காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல. இட்லி வாங்கிட்டு வந்துர்றேன்."